ஒரு பெட்டியும் சும்மா அணையாது

போன வாரம் ஒரு போன். பேசினவரு கும்பகோணம் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றவரு. எங்க டெக்னீஷியன்கள் வாட்ஸ்அப் குழுவுல ரொம்ப நாளா இருக்காரு.

"மேடம், ரிட்டயர் ஆயி வீட்ல சும்மாதானே இருக்கீங்க? ஒரு சந்தேகம். கஸ்டமர் வீட்டு சிஸ்டம் ஒண்ணு சும்மா சும்மா ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வருது. பார்மேட் போட்டும் நிக்கல. இன்னொரு தடவை போட்டுப் பாக்கட்டுமா?"

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நான் சும்மா இருக்கேனா இல்லையாங்கிறது கிடக்கட்டும். மிஷின் சும்மா அணையுதுன்னு ஒரு மெக்கானிக்கே வாயால சொல்லலாமா? கஸ்டமர் சொல்லலாம், அவங்களுக்குத் தெரியாது. நாமளும் அதையே சொன்னா நமக்கு எதுக்கு ஸ்க்ரூ டிரைவரு? பார்மேட்டுன்னா என்ன, பாத்திரம் கழுவி வைக்கிறதா? உள்ள இருக்கிறது அத்தனையும் போகும். ஒரு வீட்ல செத்துப்போனவங்க போட்டோ போகும், இன்னொரு வீட்ல ஒருத்தங்க வேலையே போகும்.

"இன்னொரு தடவை போட்டீங்கன்னா பஸ் ஏறி வந்து உங்க கடை வாசல்ல உக்காந்துடுவேன்"னு சொன்னேன். அவரு சிரிச்சாரு. நான் சிரிக்கல. வீட்டுக்குப் போய்ப் பாத்தீங்களான்னு கேட்டேன். "இல்ல மேடம், பெட்டியைக் கொண்டாந்து கடையிலதான் வச்சிருக்கேன், இங்க நல்லாத்தான் ஓடுது"ன்னாரு. நல்லா ஓடுதாம், அதுக்கு பார்மேட்டாம்! அந்தக் கோபம் இன்னும் ஆறல. ஆறுறதுக்குள்ள எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடிச்சுட்டு தஞ்சாவூர்ல ஒரு சர்வீஸ் சென்டர்ல சேந்தேன். படிப்பைப் பத்திச் சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல. புத்தகத்துல இருந்த கம்ப்யூட்டருக்கும் கடைக்கு வந்த கம்ப்யூட்டருக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. வேலைன்னு ஒண்ணு தெரிஞ்சது இருதயராஜ் சார்கிட்டத்தான். அவருதான் எங்க சென்டர் தலைவரு.

சார் சட்டைப் பையில டூல்ஸ் எதுவும் இருக்காது, ஒரு வெள்ளைக் கர்ச்சீப்பு இருக்கும். கஸ்டமர் வீட்டு மேஜையில அதை விரிப்பாரு. கைக்கடிகாரத்தைக் கழட்டுவாரு, மோதிரத்தைக் கழட்டுவாரு, ரெண்டையும் அது மேல வைப்பாரு. அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துடுவாரு. பெட்டியைத் தொடவே மாட்டாரு. வீட்டுக்காரங்க பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, "சார், இன்னும் ஆரம்பிக்கலையா?"ம்பாங்க. "ஆரம்பிச்சுட்டேங்க"ம்பாரு.

"கம்ப்யூட்டரைப் பாக்காதீங்க, வீட்டைப் பாருங்க" - இதுதான் அவரு எங்களுக்குச் சொன்னது. எங்களை எல்லாம் 'நீங்க'ன்னுதான் கூப்பிடுவாரு, நேத்து சேந்தவங்களா இருந்தாலும். மேல ஓடுற மின்விசிறியைப் பாக்கச் சொல்வாரு. வேகம் குறையுதா, டியூப் லைட் கண் சிமிட்டுதா, அடுப்படியில மிக்ஸி ஓடுதா, மாடியில மோட்டார் ஓடுதா. "அணையறப்ப கம்ப்யூட்டர்ல என்ன பண்ணீங்க?"ன்னு கேக்க மாட்டாரு. "அணையறப்ப வீட்ல என்ன நடந்துச்சு?"ன்னுதான் கேப்பாரு. பெட்டியைத் தூக்கிக்கிட்டு சென்டருக்கு வந்தா அவருக்குப் பிடிக்காது. "இங்க நல்லாத்தான் ஓடும். வியாதி பெட்டிக்கா வீட்டுக்கான்னு போய்ப் பாத்துட்டு வாங்க. ஒரு பெட்டியும் சும்மா அணையாதுங்க"ம்பாரு.

வேலை முடிஞ்சதும் முடிஞ்சுபோகாது. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி அந்த வீட்டுக்குப் போயாகணும். "போன்ல கேட்டா நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க, போய்ப் பாருங்க." ஒரு தடவை எங்க ஆளு ஒருத்தரு மிஷினைத் தொறந்துகூடப் பாக்காம ஜாப் கார்டுல 'வைரஸ்'னு எழுதிட்டாரு. சார் அவரைக் கூப்பிட்டு, சத்தமே இல்லாம, "நீங்க பாத்தீங்களா? எந்தக் கலர்ல இருந்துச்சு?"ன்னு கேட்டாரு. அந்த மனுஷன் அன்னிக்கு மத்தியானம் சாப்பிடல.

நான் பொம்பளை. ஸ்கூட்டியில டூல் பையோட போய் இறங்கினா, முக்கால்வாசி வீட்ல முதல் கேள்வி, "இன்ஜினியர் வரலையாம்மா?" "நான்தாங்க." "இல்லம்மா, ரிப்பேர் பண்றவரு?" பேராவூரணியில ஒரு தேங்காய் வியாபாரி வீட்ல, என்னை உள்ள விட்டப்புறமும் வாசல்ல இன்னொரு ஆளைத் தேடினாரு. அவரு வீட்டுக் கம்ப்யூட்டர் தினம் உச்சி வெயில்ல செத்துப் போயிடும். போய்ப் பாத்தா, பெட்டி தேக்கு அலமாரிக்குள்ள இருக்கு. கதவு சாத்தியிருக்கு. உள்ள அதுக்குத் தைச்ச உறை ஒண்ணு, கழுத்து வரைக்கும் போத்தியிருக்கு. தூசி படக்கூடாதாம்! தொட்டா தோசைக்கல்லு. உறையைக் கழட்டி, கதவைத் தொறந்துவிட்டு, காத்தாடியில அடைஞ்சிருந்த நார்த் தூசியை எல்லாம் பிரஷ்ஷால எடுத்துட்டு, நாள் பூரா அங்கேயே உக்காந்திருந்தேன். அணையல. "இவ்வளவுதானா? இதுக்கா இன்ஜினியர்?"னு கேட்டாரே பாக்கணும். அப்புறம் ஊர் பூரா 'வைரஸை எடுத்தாங்க'ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. ஒரு உறையைக் கழட்டினதுன்னு சொன்னா கௌரவக் குறைச்சல் போல.

இப்படி எத்தனையோ. ஆனா எனக்கு ரத்தம் கொதிச்சது தமிழரசி வீட்ல.

அது நான் வேலையை விடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. பாபநாசத்துலேர்ந்து உள்ள போற ரோட்டுல ஒரு ஊரு. தமிழரசி வீட்லேர்ந்தே வேலை பாக்கிற பொண்ணு. ஆஸ்பத்திரி ரெக்கார்டுகளைப் படிச்சு இன்சூரன்ஸுக்காக ஒவ்வொரு வியாதிக்கும் கோடு நம்பர் போடுற வேலை, சென்னையில இருக்கிற கம்பெனிக்கு. வீட்டுக்காரர் சதீஷ், குத்தகைக்கு நிலம் எடுத்து சாகுபடி பண்றாரு. ரெண்டு பேரோட அப்பா அம்மாவும் அடுத்தவங்க வயல்ல கூலிக்கு நட்டு அறுத்தவங்க. அந்த ரெண்டு குடும்பத்துலயும் ஆபீஸ் வேலைன்னு ஒண்ணுக்கு வந்த முதல் ஆளு தமிழரசிதான். பள்ளிக்கூடம் போற குழந்தை இருக்கு, சென்னைக்குப் போக முடியாது. கொரோனாவுல வீட்லேர்ந்தே பாக்கலாம்னு கிடைச்ச வேலை, அதைப் பிடிச்சு வச்சிருந்தா.

போன்ல அழுதுட்டா. "மேடம், வேலை பாத்துக்கிட்டே இருக்கேன், பட்டுன்னு போயிடுது. பாதி போட்ட ரெக்கார்டு போயிடுது. நான் வேணும்னே லாக் அவுட் பண்றேன்னு டீம் லீடு நினைக்கிறாங்க. வர்ற திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணணும், இல்லன்னா சென்னை ஆபீஸுக்கு வா, அதுவும் முடியலன்னா ராஜினாமா பேப்பர் போட்டுடுன்னு சொல்லிட்டாங்க."

முதல்ல யார்கிட்ட காட்டினீங்கன்னு கேட்டேன். ஒரு கடை. பேரு வேண்டாம். பெட்டியை அங்க தூக்கிட்டுப் போயிருக்கா. வைரஸ்னு பார்மேட் போட்டிருக்காங்க. திரும்பி வந்து மறுநாளே அணைஞ்சிருக்கு. உள்ள இருக்கிற மெமரி, அந்த ராமை மாத்தியிருக்காங்க. அணைஞ்சிருக்கு. மறுபடி பார்மேட். அப்புறம் மதர்போர்டே போச்சுன்னு சொல்லியிருக்காங்க. இதோட விட்டாங்களா? அந்தக் கடைக்காரரு சதீஷ் பக்கத்துல நிக்கிறப்பவே, "கண்ட கண்ட சைட்டுக்குப் போனா இப்படித்தாங்க வரும். வீட்ல கொஞ்சம் கவனிச்சுக்குங்க"ன்னு சொல்லியிருக்காரு.

இதைச் சொல்றப்பதான் அந்தப் பொண்ணு குரல் உடைஞ்சுது. வேலை போகுமேங்கிறதைவிட அது. அடப்பாவி! உனக்குக் கோளாறு கண்டுபிடிக்கத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. அதுக்கு ஒரு பொண்ணு மேல பழி போடுவியா?

சனிக்கிழமை காலையிலேயே போயிட்டேன். மேஜையில கர்ச்சீப்பை விரிச்சேன், வளையலைக் கழட்டி வச்சேன். தமிழரசியை அவ வேலையைப் பாக்கச் சொல்லிட்டு பக்கத்துல உக்காந்தேன். கேட்டதுல தெரிஞ்சது இது: எப்போ அணையும்னு சொல்ல முடியாது, சில நாள் காலையில, சில நாள் மத்தியானம். ஆரம்பிச்சது நடவு முடிஞ்சு கொஞ்ச நாள்ல. அதுக்கு முன்னாடி ஒரு தொந்தரவும் கிடையாது.

பெட்டிக்குள்ள கோளாறுன்னா பெரும்பாலும் போறதுக்கு முன்னாடி நீலத் திரையில ஏதாவது எழுதிட்டுத்தான் போகும். அது கண்ணுக்குத் தெரியட்டும்னு, தானா ரீஸ்டார்ட் ஆகுற செட்டிங்கை நிறுத்தி வச்சேன். பக்கவாட்டு மூடியைக் கழட்டிப் பாத்தேன். காத்தாடி சுத்துது, சூடு இல்ல. யுபிஎஸ்ஸைப் பாத்தேன். கரண்ட் போனா கொஞ்ச நேரம் தாங்குற சின்னப் பெட்டி, தமிழரசி தன் சம்பளத்துல வாங்கினது, புதுசு. பச்சை விளக்கு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. சரின்னு கையைக் கட்டிக்கிட்டு மேல ஓடுற மின்விசிறியைப் பாக்க ஆரம்பிச்சேன்.

அதுக்குள்ள சதீஷுக்கு ஒரு போன். திருத்துறைப்பூண்டியில கட்டிக் கொடுத்த அவங்க அக்கா. "தமிழா? சும்மாதான் உக்காந்திருக்கா. இந்தா பேசு"ன்னு போனைக் கொண்டுவந்து அவ கையில திணிச்சாரு. காதுல ஹெட்செட், கண்ணு ஸ்கிரீன்ல, விரல் கீபோர்டுல. அவளைப் பாத்து சும்மா உக்காந்திருக்காளாம்! தமிழரசி போனை வாங்கிக்கிட்டா. ஒரு காதுல ஹெட்செட்டை ஒதுக்கிட்டு, அக்காகிட்ட அவங்க குழந்தைக்கு ஜலதோஷம் எப்படி இருக்குன்னு பேசிக்கிட்டே கோடு போட்டா. எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. வந்த வேலையைப் பாப்போம்னு அடக்கிக்கிட்டேன்.

கொஞ்ச நேரம் போச்சு. சதீஷ் வாசலுக்கும் உள்ளேயுமா நடந்தாரு. பொறுக்கல. "மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. வந்ததுலேர்ந்து சும்மாவே உக்காந்திருக்கீங்களே?"

"ஆரம்பிச்சுட்டேன் தம்பி"ன்னேன். பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான்.

அந்த வருஷம் வாய்க்கால்ல தண்ணி வரத்து சரியில்ல. சம்பா பயிரெல்லாம் போர் தண்ணியிலதான் நின்னுச்சு. வயலுக்கு மும்முனை கரண்ட் எப்போ விடுவாங்கன்னு யாருக்கும் திட்டமாத் தெரியாது. அதுக்காக யாரும் கொட்டகையில காத்துக்கிடக்க மாட்டாங்க. ஸ்டார்ட்டர்ல ஆட்டோ சுவிட்ச் மாட்டி வச்சுட்டு வந்துடுவாங்க. கரண்ட் வந்த நொடியில சுத்துவட்டார மோட்டார் அத்தனையும் ஒண்ணாச் சேந்து எடுக்கும். அந்த நேரம் வீட்டுக் கரண்ட் அப்படியே தொய்ஞ்சு போயிட்டு வரும்.

அன்னிக்கும் வந்துச்சு. விசிறி வேகம் குறைஞ்சுது. டியூப் லைட் ஒரு சிமிட்டு சிமிட்டுச்சு. யுபிஎஸ்ஸுக்குள்ள 'டக்'குன்னு ஒரு சத்தம். கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. நீலத் திரையும் இல்ல ஒண்ணும் இல்ல, வெறும் இருட்டு. ஒரு நொடி கழிச்சு விசிறி பழையபடி ஓடுது, கம்ப்யூட்டர் முதல்லேர்ந்து எழுந்துக்கிட்டிருக்கு. யுபிஎஸ்ல பச்சை விளக்கு, ஒண்ணுமே நடக்காத மாதிரி.

"ஐயோ, பாத்தீங்களா மேடம்!"னு தமிழரசி தலையில கையை வச்சுக்கிட்டா.

"நல்லாப் பாத்தேன். எழுந்திரும்மா"ன்னேன். கரண்ட் தொய்யுற அந்த ஒரு நொடியைத் தாங்குறதுக்குத்தான் யுபிஎஸ். 'டக்'குன்னு அது பேட்டரிக்கு மாறுது, மாறினதும் படுத்துடுது. அப்போ பேட்டரி செத்திருக்கணும். புதுசு எப்படிச் சாகும்? கழட்டினேன்.

மூடியைத் தூக்கினதுமே மூக்குல ஏறுச்சு ஒரு வாடை. எனக்கு முதல்ல புரியல. பேட்டரியைப் பாத்தா யுபிஎஸ்ஸோட சம்பந்தமே இல்லாத கலரு. பக்கமெல்லாம் கீறல், முனையில உப்புப் பூத்துக் கிடக்கு, இடுக்குல காஞ்ச சேறு. கையில எடுத்து மோந்து பாத்தேன். பூச்சி மருந்து!

"யுபிஎஸ்ஸுக்குள்ள எதுக்குங்க பூச்சி மருந்து வாடை?"ன்னு கேட்டேன்.

சதீஷ் முகம் செத்துப்போச்சு. "மேடம்... அது மருந்தடிக்கிற டேங்க் பேட்டரி. சார்ஜ் நிக்காமப் போயிடுச்சு. பயிர்ல இலைச்சுருட்டுப் புழு விழுந்துடுச்சு, அன்னிக்கே அடிச்சாகணும். ரெண்டும் ஒரே சைஸு, ஒரே வோல்ட்டு. இதுல இருந்தது சும்மாதானே கிடந்துச்சு? அதான் மாத்திப் போட்டேன். பச்சை விளக்கு எரிஞ்சுது, சரியாத்தான் இருக்குன்னு நினைச்சேன்."

முதுகுல மாட்டுற பேட்டரி டேங்குக்கும் இந்தச் சின்ன யுபிஎஸ்ஸுக்கும் ஒரே பேட்டரிதான் பொருந்தும். உண்மைதான். டேங்குக்குப் போட்டுப் பழகின கைக்கு அது ஒரு நிமிஷ வேலை. கரண்ட் இருக்கிற வரைக்கும் பச்சை விளக்கு எரியும், அதுவும் உண்மைதான். இத்தனை நாளா அந்தப் பொண்ணு கேட்ட திட்டு, போட்ட பார்மேட்டு, மாத்தின ராமு, சுமந்த பழி எல்லாத்துக்கும் காரணம் கூடத்துல சாத்தி வச்சிருந்த மருந்து டேங்குக்குள்ள இருந்துச்சு.

இதுக்கு மேல அடக்க என்னால முடியல. "சும்மா கிடந்துச்சா தம்பி? அது சும்மா கிடக்கல, காத்துக்கிட்டிருந்துச்சு. கரண்ட் தொய்யுறப்ப தாங்கணும்னு நாள் பூரா உஷாரா இருந்துச்சு. ஓடினாத்தான் வேலையா? வேர்த்தாத்தான் வேலையா? உங்க வீட்டுக்காரி காதுல மாட்டிக்கிட்டு காலையிலேர்ந்து ரெக்கார்டு படிக்கிறாங்களே, அதுவும் சும்மா. நான் மேல பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேனே, அதுவும் சும்மா. இன்னொண்ணு கேட்டுக்குங்க. கண்ட சைட்டும் இல்ல, வைரஸும் இல்ல. அந்தக் கடைக்காரரு சொன்னது பச்சைப் பொய். உங்க மனசுல அதுல ஒரு துளி இருந்தாலும் இப்பவே தொடைச்சுப் போட்டுடுங்க."

சதீஷ் நல்ல மனுஷன். டேங்கைக் கொண்டுவந்து, மூடியைத் தொறந்து, பேட்டரியைக் கழட்டி, தன் சட்டையிலேயே தொடைச்சு என் கையில கொடுத்தாரு. "பயிரைக் காப்பாத்தணும்னுதான் மேடம்..."னு மட்டும் சொன்னாரு. அவரு பதற்றமும் பொய்யில்ல. தப்பு பேட்டரியை மாத்தினதுல இல்ல, மாத்தினதை ஒரு வார்த்தை சொல்லணும்னுகூட தோணாததுல இருந்துச்சு.

பழைய இடத்துல பொருத்தி, சார்ஜ் ஏற விட்டுட்டு, அப்புறம் கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டிருக்கிறப்பவே சுவத்துல இருந்த யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கினேன். தமிழரசி கண்ணை மூடிக்கிட்டா. 'டக்'. அப்புறம் 'பீப்... பீப்...'. ஸ்கிரீன் அப்படியே இருக்கு.

"என்ன மேடம் சத்தம்? கோளாறா?"ன்னு பதறினாரு சதீஷ்.

தமிழரசி கண்ணைத் தொறந்தா. அன்னிக்கு அவ புருஷனைப் பாத்துச் சொன்னது அது ஒண்ணுதான். "இல்லங்க. வேலை செய்யுது."

திரும்புற வழியில, செத்த பேட்டரியைக் கேட்டு வாங்கிக்கிட்டு அந்தக் கடைக்குப் போனேன். கண்ணாடி மேஜை மேல டொக்குன்னு வச்சேன். "உங்க வைரஸைப் பிடிச்சுக் கொண்டாந்திருக்கேன். மோந்து பாருங்க"ன்னேன். கடையில இருந்த ரெண்டு மூணு பேரு திரும்பிப் பாத்தாங்க. விஷயத்தைச் சொன்னேன். அந்த ஆளுக்குக் கொஞ்சமாவது உறுத்துச்சா? "யுபிஎஸ் எங்ககிட்ட வாங்கினது இல்லையே மேடம். அது எங்க பொறுப்பு இல்ல"ன்னாரு. "யுபிஎஸ் உங்க பொறுப்பு இல்ல. அந்தப் பொண்ணைப் பத்திச் சொன்னது உங்க பொறுப்பா இல்லையா? இப்பவே போனைப் போட்டு அவங்க வீட்டுக்காரர்கிட்ட தப்புன்னு சொல்லுங்க"ன்னேன். பாக்கலாம் மேடம், பாக்கலாம் மேடம்னாரு. இன்னிக்கு வரைக்கும் அவரு போன் போடல. அந்தக் கடை போர்டுல இன்னமும் 'வைரஸ் நீக்கப்படும்'னு கொட்டை எழுத்துல இருக்கு. அந்த வழியா பஸ்ல போறப்பெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அடுத்த வாரம், சார் பழக்கிவிட்ட வழக்கப்படி, சொல்லாம கொள்ளாம மறுபடி தமிழரசி வீட்டுக்குப் போனேன். வெளியில டேங்க் இருந்துச்சு, அதுல புது பேட்டரி. ஜன்னல் வழியா அவ தெரிஞ்சா. ஹெட்செட், ஸ்கிரீன், கீபோர்டு. என்னைப் பாத்துட்டு எழுந்துக்கப் போனா, வேண்டாம்னு கையைக் காட்டினேன். சிரிச்சுக்கிட்டே கட்டை விரலைத் தூக்கி நல்லாப் போகுதுன்னு காட்டினா. திங்கக்கிழமை முழுக்க ஒரு தடவைகூட அணையல, அதுக்கப்புறமும் இல்ல. டீம் லீடு பேப்பர் போடுற பேச்சையே எடுக்கல. இதெல்லாம் அப்புறம் இடைவேளையில சொன்னா.

நான் வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டிருந்தேன். தூரத்துல மோட்டாரெல்லாம் ஒண்ணா எடுத்துச்சு. கூடத்துல விசிறி தொய்ஞ்சுது, உள்ளேர்ந்து 'பீப்'னு ஒரு சத்தம் கேட்டு நின்னுச்சு. சதீஷ் வெளியில, எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு போன்ல பேசிக்கிட்டு நின்னாரு. குரலை வச்சே தெரிஞ்சுபோச்சு, திருத்துறைப்பூண்டி அக்கா.

"தமிழா? அவ சும்..."

சட்டுன்னு நிறுத்தினாரு. என்னைப் பாக்கல. நான் வந்ததே அவருக்குத் தெரியாது. ஜன்னல் பக்கமாத் திரும்பி ஒரு தரம் உள்ள பாத்தாரு.

"அவ வேலையில இருக்காக்கா. முடிச்சுட்டு அவளே கூப்பிடுவா."